உயிரோடு இருப்பவருக்கு ஓராண்டு நினைவஞ்சலி

சிங்கப்பூர்த் தேக்காவில் என் அச்சகத்தைத் தெரியாதவர் என்றால் நேற்றுத்தான் ஊருக்கு வந்தவராக இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, புதுமனை புகுவிழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, ஆண்டு நினைவஞ்சலி என்று இந்த வட்டாரத்துத் தமிழர்களின் நல்லது கெட்டது பாதி என் மிஷின் வழியாகத்தான் போயிருக்கிறது. நான் நான்காம் வகுப்போடு நின்றவன். காகிதம் அடுக்கப் போன கடையிலேயே எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டு, அந்தக் கடை முதலாளிக்கு வயதானபோது அவருடைய மிஷினையே வாங்கினேன். யாரும் கைதூக்கி விடவில்லை. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நினைவஞ்சலியில் போடும் கவிதைகளையும் நானேதான் எழுதுவேன். வாடிக்கையாளர்கள் அப்பா படத்தையோ அம்மா படத்தையோ கொண்டுவந்து வைத்துவிட்டு, கவிதை நீங்களே போட்டுவிடுங்கள் என்பார்கள். அதற்காக ஒரு மாதிரி ஆல்பம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு நம்பர். ஏழாம் நம்பரைப் படித்துவிட்டுக் கடை வாசலில் நின்று அழுதவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேப்பரில் வரும் நினைவஞ்சலிகளைப் படித்துப் பழகியவர்களுக்கு, எது என் கவிதை, எது அதைப் பார்த்து மற்றவன் அடித்தது என்று ஒரே பார்வையில் தெரியும்.

ஆகவே, என் மருமகள் பிள்ளைகளுக்கு வீட்டில் கவிதை சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னபோது, நேராக என்னிடம்தான் வருவாள் என்று எதிர்பார்த்துச் சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள். வந்து, "மாமா, சோபாவைக் கொஞ்சம் நகர்த்திக்கலாமா? பிள்ளைங்க தரையில உட்காரணும்" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேத்திக்குப் பரீட்சை என்றால் போதும், காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலேயே உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத வயிற்றுவலி ஒரு வருடம் போனது. மருமகள் பேங்க் வேலையை விட்டாள், அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டாள், அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி அனுமதியும் வாங்கிவிட்டாள். அதன்பிறகு எங்கள் ஃபேரர் பார்க் வீட்டின் ஹால்தான் வகுப்பறை. ஒன்பது வயதுப் பேத்தியும் ஏழு வயதுப் பேரனும் அங்கேதான் படிக்கிறார்கள். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

என் மகனுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம். பள்ளிக்கூடம் இல்லாமல் ஒருவன் எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்குத்தான் நான் இதே சோபாவில் உட்கார்ந்திருக்கிறேனே. சம்மதப்படாதவர் ஒருவர்தான். அவர் மருமகளின் அப்பா, என் சம்பந்தி.

அவர் தோ பாயோவில் தனியாக இருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பரம்பரை. அவருடைய தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் அரசாங்க ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்தவர்கள். படிப்பு என்றால் அவருக்குச் சாமி மாதிரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் கையில் குடையோடும் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாஃப் ஒரு பொட்டலத்தோடும் வந்து, பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கவைப்பார். பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம் என்று மருமகள் சொன்ன சனிக்கிழமை அவர் கறிபாஃபைத் தொடவில்லை. படிப்பால்தான் தங்கள் குடும்பம் இந்த ஊரில் தலைநிமிர்ந்தது என்றார். படிக்காமலே நான் நிமிர்ந்துதானே நிற்கிறேன், உங்கள் பெண்ணும் என் வீட்டுக்குத்தானே வாழ வந்தாள் என்று நான் உள்ளதைச் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார்.

"பள்ளிக்கூடம் போகாத பிள்ளையளைப் பாக்க எனக்கு மனமில்லை" என்று மகளிடம் சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். குடை எங்கள் இரும்புக் கதவிலேயே தொங்கியது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மருமகள் போன் செய்தால் எடுப்பார். சாப்பிட்டீங்களா என்றால் ஓம், மருந்து இருக்கா என்றால் ஓம். அதோடு வைத்துவிடுவார். ஃபேரர் பார்க்கிலிருந்து தோ பாயோ எவ்வளவு தூரம்? உட்லண்ட்ஸில் பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் வேலைக்கு வந்து போகிறார்கள் ஜனங்கள். இவருக்கு இந்த நாலு ஸ்டாப் தாண்ட முடியவில்லை. மருமகள் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டாள். ஆனால் சனிக்கிழமை மாலையில் லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டால் அவள் கை ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மறுபடி வேலை செய்யும். அந்தக் குடையை அங்கிருந்து எடுக்க யாரையும் அவள் விட்டதில்லை.

அவளுடைய கவிதை வகுப்பில் ஒரு விதி உண்டு. எழுதிய கவிதையை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கவிதை தபாலில் போகும். யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உறையின் மேல் தோ பாயோ முகவரியை அவளே எழுதுவாள். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

முதலில் ஹைக்கூ நடத்தினாள். மூன்று வரி, கண்ணால் பார்த்த ஒன்று, அவ்வளவுதான். மூன்று வரிக் கவிதைக்கு என் கடையில் எவனும் காசு கொடுக்க மாட்டான் என்று நான் சோபாவிலிருந்தே சொன்னேன். நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள் மாமா என்றாள். பிள்ளைகளோடு எனக்கும் ஒரு தாள் கொடுத்தாள். பேத்தி எழுதியது இது:

லிஃப்டில் யாரும் இல்லை
தேக்கா மீன் வாசனை மட்டும்
எங்களோடு மேலே வருகிறது

நன்றாகத்தான் இருந்தது. நான் எழுதியது இது:

நான்காம் வகுப்போடு நின்றேன்
மூன்று மிஷின் வாங்கினேன்
எல்லாம் என் உழைப்பு

மருமகள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"மாமா, இது ஹைக்கூ இல்ல. விளம்பரம்."

"என் தொழிலே அதுதானேம்மா" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அதனால் நான் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை.

அடுத்து வடிவக் கவிதை. எழுதுகிற பொருள் எந்த உருவத்தில் இருக்கிறதோ அந்த உருவத்திலேயே எழுத்து போக வேண்டும். பேரன் முறுக்கு வரைந்தான். வெளிச் சுற்றில் 'கடி கடி கடி' என்று ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி உள்ளே போய், நடுப்புள்ளியில் 'காலி' என்று முடித்திருந்தான். அச்சுத் தொழிலில் இருக்கிற நானே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேத்தி குடை வரைந்தாள். எந்தக் குடை என்று யாரும் கேட்கவில்லை. இரண்டும் வெள்ளிக்கிழமை தபாலில் போயின.

ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் மருமகள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். சொல்ல வருவது என்ன என்று முதலில் யோசிக்க வேண்டும். அதற்கு எந்த வடிவம் பொருந்துகிறதோ அதைத் தேடி எடுக்க வேண்டும். ஹைக்கூதான் உசத்தி, முறுக்கு மட்டம் என்று கிடையாது. நல்ல பேச்சுத்தான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

பிறகு அந்தாதி வந்தது. ஒரு வரி எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில் அடுத்த வரி ஆரம்பிக்க வேண்டும். கடைசி வரி முடியும் சொல், முதல் வரியின் முதல் சொல்லாக இருக்க வேண்டும். மாலை கட்டுகிறவர் நாரின் இரண்டு முனையையும் முடிச்சுப் போடுகிற மாதிரி என்று மருமகள் விளக்கினாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சே அந்தாதிதான். 'தாத்தா, சோறு' என்றால், 'சோறு சூடா இருக்கா' என்று நான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பேரன் தட்டை நகர்த்திக்கொண்டு போய்விடுவான்.

அந்த வாரத்து வியாழக்கிழமை மருமகளுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் கடையில் என்னிடம் விட்டுப் போனாள். கடையை இப்போது மகன்தான் நடத்துகிறான் என்றாலும் முன்னால் இருக்கும் நாற்காலி என்னுடையது. அன்று அவன் டெலிவரிக்குப் போயிருந்தான். பேரன் காகிதத் துண்டுகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தான். பேத்தி மாதிரி ஆல்பத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள்.

இதெல்லாம் நீங்கள் எழுதியதா என்று கேட்டாள். நானேதான் என்றேன்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே தாத்தா."

துக்கம் ஒரே மாதிரி இருந்தால் கவிதையும் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். குத்துவிளக்கு பார்டர் எதற்கு, நடுவில் முட்டை மாதிரி இருக்கிற வட்டம் எதற்கு, தோற்றம் என்றால் என்ன, மறைவு என்றால் என்ன என்று கேட்டாள். பிறந்த நாள், இறந்த நாள் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு என்பதையும் சொன்னேன். குத்துவிளக்கு பார்டருக்குள் சோதனைக்காகக்கூட உயிரோடு இருப்பவர் படத்தைப் போட மாட்டோம். தாமரைப் பூ படத்தைத்தான் போட்டுப் பார்ப்போம். அதைச் சொல்லும்போது அவள் காது கொடுத்துக் கேட்டாளா என்று நான் கவனிக்கவில்லை. மத்தியானம் மீன் சாப்பாடு. ஃபேன் காற்று. கண் சொருகிவிட்டது.

நான் தூங்கிய நேரத்தில் அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறாள். அதில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். மறுநாள் ஒட்டிய உறையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். இந்த வாரத்து அந்தாதி என்றாள். மருமகளுக்குப் பல் பிடுங்கிய வலி. பிரித்துப் பார்க்காமல் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டினாள். நான்தான் கீழே போய்ப் பெட்டியில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கதவை யாரோ தட்டினார்கள். மருமகள் போய்த் திறந்துவிட்டு, கதவைப் பிடித்தபடியே நின்றாள். சம்பந்தி நின்றிருந்தார். ஒரு வருடத்தில் கொஞ்சம் இளைத்திருந்தார். மகளைப் பார்க்கவில்லை, பேரப்பிள்ளைகளைப் பார்க்கவில்லை. நேராக என் முன்னால் வந்து ஒரு தாளை நீட்டினார்.

"சம்பந்தி, என்ர அந்தியேட்டியை எப்ப முடிச்சனீங்கள்?"

அந்தியேட்டி என்றால் அவர்கள் வழக்கத்தில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்வது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். குத்துவிளக்கு பார்டர். என் கடையின் பெயர் கீழே பொடி எழுத்தில். வட்டத்துக்குள் சம்பந்தியின் முகம். என் மகன் கல்யாணத்தில் எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தது, நல்ல படம்தான். மேலே, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. தோற்றம் என்ற இடத்தில் அவர் பிறந்த நாள் சரியாக இருந்தது. மறைவு என்ற இடத்தில், 'கோபித்துக்கொண்டு போன சனிக்கிழமை' என்று இருந்தது.

இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒன்று என் கடையிலிருந்து வெளியே போனதில்லை. மருமகள் எட்டிப் பார்த்தாள். மகளைப் பார்க்க மறுக்கிற அப்பாவுக்கு, மகள் கையெழுத்தில் முகவரி எழுதி, இப்படி ஒரு தாள் போயிருக்கிறது. இனிமேல் அந்த ஓம் என்ற ஒரு சொல்கூடப் போனில் வராது என்று அவள் நினைத்தாள். அதை அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அப்போதே அவள் நின்ற நிலையில் அது தெரிந்தது.

நான் வாயைத் திறக்குமுன் பேத்தி எழுந்து வந்தாள்.

"அம்மப்பா, அது நான் செஞ்சது. தாத்தா தூங்கிட்டாங்க."

இது யாருக்குப் போடுவது என்று தெரியுமா என்று அவர் கேட்டார். குரல் ஓங்கவில்லை. ஆபீசில் கீழே வேலை பார்த்தவர்களை இப்படித்தான் கேட்டிருப்பார்.

"தெரியும் லா. செத்தவங்களுக்கு. ஆனா அவங்களும் வர்றதில்ல, நீங்களும் வர்றதில்ல. சேம் தானே? ஹைக்கூ அனுப்பினோம், நீங்க வரல. குடை அனுப்பினோம், வரல. சொல்ல வர்றதுக்கு எது பொருந்துதோ அதை எடுக்கணும்னு அம்மா சொன்னாங்க. ஒரு வருஷம் ஆயிடுச்சு. ஒரு வருஷத்துக்கு இதுதான் இருக்கு."

பேரன் தரையில் உட்கார்ந்தபடியே ஏழெட்டு ஐம்பத்தாறு என்று முணுமுணுத்தான். சம்பந்தி அந்தத் தாளை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். பழைய இடத்தில், ஜன்னலோரம், உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வட்டத்துக்குக் கீழே இருந்ததை வாய்விட்டுப் படித்தார். என் ஆல்பத்தில் எந்த நம்பரிலும் இல்லாதது அது.

சனிக்கிழமை வந்தது, நீங்கள் வரவில்லை
வரவில்லை என்று குடைக்குத் தெரியாது
தெரியாது என்பதால் கதவிலேயே நிற்கிறது
நிற்கிற குடையின் கீழே நாங்கள் இரண்டு பேர்

அதற்குக் கீழே, பிரிவால் வாடும் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் சம்பந்தி என்று என்னையும் சேர்த்திருந்தாள். நான் வாடினேன் என்று எப்போது சொன்னேன்? ஆனால் அந்த நேரத்தில் அதை மறுக்கத் தோன்றவில்லை.

அவர் இன்னொரு தடவை, இந்தத் தடவை வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு இது என்ன பா வகை என்று பேத்தியிடம் கேட்டார். அந்தாதி என்றாள். அந்தாதி என்றால் கடைசிச் சொல் முதற்சொல்லோடு போய்ச் சேர வேண்டும், இது சேரவில்லையே என்றார். கடைசி வரி சனிக்கிழமையில் முடிய வேண்டும், எனக்கு வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றாள் அவள். எனக்கு உடனே ஒரு நல்ல வரி தோன்றியது. சொல்லவும் வாயெடுத்தேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், அது அருமையான வரி.

சம்பந்தி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம்தான் மகள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, தேத்தண்ணி போடு."

மருமகள் அடுப்படிக்குப் போனாள். ஒரு கோப்பைத் தேநீருக்கு அவ்வளவு நேரம் ஆகாது. தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. சம்பந்தி பேரனின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்து, இதை யார் சொல்லிக்கொடுத்தது, வழி நீளமாக இருக்கிறதே என்று குறை சொல்ல ஆரம்பித்தார். தேநீரோடு வந்தவள் கண் சிவந்திருந்தது. வந்ததும் அந்த வழிதான் பிள்ளைக்கு விளங்கும் என்று அப்பாவோடு வாதாடினாள். அவரும் விடவில்லை. ஒரு வருடத்துக்குச் சேர்த்து இருவரும் பெருக்கல் கணக்கைப் பற்றியே பேசினார்கள்.

பள்ளிக்கூடம் போகாமல் படிப்பது சரி என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. போகும்போது வெளியே தூறல். குடையைப் பார்த்தார், எடுக்கவில்லை. நனைந்துகொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். மாடியிலிருந்து பார்த்த மருமகளுக்குக் கோபம் கோபமாக வந்தது. சளி பிடித்தால் யார் பார்ப்பது என்றாள். எனக்குப் புரிந்தது. குடை இங்கே இருந்தால்தான் அவர் திரும்பி வர ஒரு சாக்கு இருக்கும்.

அந்த வாரச் சனிக்கிழமை மாலை லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றது. கறிபாஃப் வாசனை முதலில் வந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தாழ்ப்பாளில் கை வைத்ததில் விரல் நசுங்கி ஒரு சின்னச் சண்டை. அன்றிரவு சாப்பிட்டு முடித்த பிறகு பேத்தி பென்சிலை எடுத்து, அம்மப்பா பையிலிருந்து அந்தத் தாளை வாங்கி, அடியில் ஐந்தாவது வரியை எழுதினாள்.

இரண்டு பேரும் கதவைத் திறந்தோம், சனிக்கிழமை

மருமகள் ஒன்றும் திருத்தவில்லை.

எனக்கு அந்தக் குத்துவிளக்கு பார்டர் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதரின் முகம் அதற்குள் இருக்கலாமா? மறுநாளே மகனை உட்கார வைத்து, மாவிலைத் தோரணம் போட்ட பார்டரில், ஐந்து வரியையும் சேர்த்து, கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் தடித்த அட்டையில், தங்க மையில் அடிக்கச் சொன்னேன். அதை நானே தோ பாயோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பழைய தாளைக் கொடுங்கள், கிழித்துவிடுகிறேன் என்று கேட்டேன். தர மறுத்துவிட்டார். அது அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அவர் படத்துக்கு மேலே பார்டரில் விளக்கு எரிகிறது. அவர் அதன்மேலேயே தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். என் தங்க அட்டை டிவிக்குப் பின்னால் எங்கேயோ சாய்ந்திருக்கிறது.

இருக்கட்டும். நினைவஞ்சலி அடிக்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். படம் பளிச்சென்று வரும், கவிதை உருக்கமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அஞ்சலிக்கு உரியவரே தபாலில் வாங்கிப் படித்துவிட்டு, பஸ் ஏறி வந்து கதவைத் தட்டினார் என்று சொல்ல என் கடையைத் தவிர வேறு எந்தக் கடைக்கு யோக்கியதை இருக்கிறது?